சித்திரை வீதிச் சவ்வு விதி

பூலோகத்தில் ஜீவராசிகள் தோன்றிய நாள்முதல் இன்றுவரை ஒழுங்கு தவறாமல் நடந்துவரும் ஸ்தாபனங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, உயிருள்ள ஸெல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு. மற்றது, ஸ்ரீரங்கம் சித்திரை வீதி சாஸ்திர விஞ்ஞான சமரச சபை. இரண்டுக்கும் உத்தியோகம் ஒன்றேதான்: உள்ளே வரத் தகுந்தது எது, தகாதது எது என்று பார்ப்பது. பாவம், சவ்வுக்குக் காரியதரிசி கிடையாது, மினிட் புத்தகம் கிடையாது, திருத்தப் பிரேரணை கிடையாது. எல்லாவற்றையும் கண்மூடித் திறப்பதற்குள் பேசாமல் தீர்மானித்துவிடுகிறது. அந்தக் குறைகளையெல்லாம் நிவர்த்தி செய்த பெருமை சபையைச் சேர்ந்தது.

சபைக்கு இந்த மேன்மை கிடைத்தது சௌரிராஜனால். சௌரிராஜன் திருச்சியில் ஒரு காலேஜில் தாவர சாஸ்திர டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது, புரொபஸர் பேசுவார். இவர் செய்து காட்டுவார். நாளெல்லாம் வாய் திறவாமல் செய்து காட்டிவிட்டு, காவேரிப் பாலத்தின்மேல் ஜட்காவில் வீடு திரும்பும்போது, நமக்கும் ஒருநாள் பேசக் கிடைக்காதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வீட்டில் பேசிப் பார்க்கலாமென்றால் அங்கே மனைவி கோதைநாயகி இருந்தாள். அவள் எதிரில் பேச்சை ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது.

இந்தத் தாகத்தைத் தீர்த்துவைத்தவர் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராயிருந்து பென்ஷன் வாங்கிய மணவாளையங்கார். சபைக்கு அவர்தான் அக்கிராசனர். சர்க்கார் தமக்கு ஒரு ராவ்சாகிப் பட்டம் கொடுக்க மறந்துவிட்டதாக அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. மறதியைப் போக்க வேண்டுமானால் ஊரில் அறிவு வளர்ச்சி நடைபெற்றாக வேண்டும்.

"ஓய் சௌரி! ஸயன்ஸ்னு ஏதாவது பேசும். கேக்கறதுக்கு நாங்க இருக்கோம்" என்றார்.

சௌரிராஜன் பேசினார். காலேஜில் சவ்வுச் சோதனைக்கு ஆட்டின் நீர்ப்பைத் தோலைக் கட்டுவது வழக்கம். சித்திரை வீதியில் ஆட்டின் நீர்ப்பையோடு நுழைந்தால் அப்புறம் சௌரிராஜன் தோலும் மிஞ்சாது. ஆகையால் ஓர் உருளைக்கிழங்கைக் குடைந்து, அதற்குள் சர்க்கரையைப் போட்டு, தண்ணீர்த் தட்டில் உட்காரவைத்தார். அவர் பேசி முடிப்பதற்குள் உள்ளே இருந்த சர்க்கரை பாகாகி விளிம்பு வரைக்கும் ஏறிவிட்டது. கிழங்கில் பொத்தல் இல்லை. யாரும் ஊற்றவுமில்லை. சபையோர் வாயைப் பிளந்தார்கள்.

"உடம்பிலே உள்ள ஒவ்வொரு ஸெல்லுக்கும் ஒரு சவ்வு இருக்கு" என்றார் சௌரிராஜன். "அது தண்ணியைத் தாராளமா விடும். உப்பு, சர்க்கரையை லேசில விடாது. உப்பு எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் தண்ணி போகும். சிலதை ஸெல் தானே பாடுபட்டு உள்ளே இழுத்துக்கறதுன்னு இப்போ சீமையிலே சொல்றா. எதை விடணும், எதை விடப்படாதுங்கறதுதான் உயிரோட ரகசியம்."

மணவாளையங்கார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் கண்ணில் நீர்.

"ஓய், இது நம்ம ஆசாரம்னா! இதைச் சீமைக்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சானா? நம்ம சமையலுள்ளுக்குள்ளே யார் வரலாம், யார் வரப்படாதுன்னு இத்தனை காலமா நாம வெச்சிண்டிருக்கறது என்னவாம்? சவ்வு! சுத்தமான சவ்வு!"

அன்றே சௌரிராஜன் சபையின் 'விஞ்ஞானக் காரியதரிசி' ஆனார். ஆன கையோடு ஒரு விதியும் எழுதிக் கொடுத்தார். 'வீதிக்கு இதுவரை பழக்கமில்லாத எந்த வஸ்துவானாலும், சபை கூடி அதன் யோக்கியதையை விசாரித்துத் தீர்மானம் நிறைவேற்றாமல், எந்த அகத்து வாசற்படியையும் தாண்டலாகாது.' இதற்குச் 'சவ்வு விதி' என்று பெயர். பிளாஸ்க், சோடா புட்டி, மோட்டார் டயரில் வெட்டிய செருப்பு என்று பல வஸ்துக்கள் சபையின் முன் வந்து, கைகட்டி நின்று, சில பிழைத்தன, சில போயின.

கோதைநாயகி மட்டும் அசரவில்லை.

"மாவடு ஜாடியிலே உப்பைப் போட்டா மறுநாள் தண்ணி விட்டுக்கறது. வடு சுருங்கிப் போறது. இதைச் சொல்றதுக்கா இத்தனை பேரைக் கூட்டி வெச்சிண்டு ஒரு உருளைக்கிழங்கை வீணடிச்சேள்?"

"அது சமையல், கோதை. இது ஸயன்ஸ்."

"சரி. ஸயன்ஸ் வேளைக்கு ஆத்துக்கு வந்து சாப்பிட்டா எனக்குப் பாத்திரம் ஒழியும்."

அவளுடைய பேச்சு அப்படித்தான். ஆனால் அந்தப் பேச்சு இல்லாவிட்டால் சௌரிராஜனுக்குச் சாதம் இறங்காது. இதை அவர் எந்தக் கூட்டத்திலும் ஒப்புக்கொண்டதில்லை.

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வருஷம் அது. வருஷக் கடைசியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. பரமபத வாசல் சேவைக்கு ஜனம் வெள்ளமாகத் திரண்டது. ஜனத்தோடு வாந்திபேதியும் டிக்கெட் வாங்காமல் ரயிலில் வந்து இறங்கியது. ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்னதாகவே திருவானைக்காவல் பக்கம் ஐந்தாறு பேர் போய்விட்டதாகப் பேச்சு. சித்திரை வீதி கவலைப்படவில்லை. அங்கேதான் சவ்வு இருக்கிறதே!

ஏகாதசியன்று விடிவதற்கு முன்பே சௌரிராஜன் சேவைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கோதைநாயகி கொல்லைப்புறத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை ரங்கம்மா அவளைத் தாங்கிக்கொண்டிருந்தாள். ரங்கம்மா சௌரிராஜனுடைய அப்பாவின் தங்கை. அந்த வீட்டு மடி ஆசாரமெல்லாம் அவள் கையில்.

"வந்தியாடா? விடிகாலம் பிடிச்சுக் கணக்கில்லாமப் போறது. வடிச்ச கஞ்சியாட்டம். ஒரு வாய் தீர்த்தம் கொடுத்தா அதுவும் வெளியிலே வந்துடறது. எனக்குப் பயமா இருக்குடா."

சௌரிராஜன் கோதையைப் பார்த்தார். முந்தைய நாள் ராத்திரி வரையில் வட்டமாக இருந்த முகத்தில் கன்னம் ஒட்டிக் கண் குழிக்குள் போயிருந்தது. விரல்நுனி, வெகு நேரம் துணி துவைத்ததுபோல், சுருங்கியிருந்தது. அவர் தாவர சாஸ்திரம் படித்தவர். தண்ணீர் போன ஸெல் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் பையன்களுக்குச் செய்து காட்டுகிறார்.

ஜட்கா அனுப்பித் திருச்சியிலிருந்து டாக்டர் இருதயநாதனை வரவழைத்தார். டாக்டர் ஒரு பெரிய கண்ணாடி புட்டி, ரப்பர் குழாய், ஊசி, ஒரு தகர டப்பா சகிதம் வந்து வாசலில் இறங்கினார். கிறிஸ்தவர். ஆகவே ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளிருந்து கோதையின் கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, மணிக்கட்டின்மேல் ஒரு பட்டுத்துணியைப் போட்டாள் ரங்கம்மா. பட்டு தீட்டைக் கடத்தாது என்பது பிரசித்தம். நாடியையும் அவ்வளவாகக் கடத்தாது என்பது டாக்டருடைய கட்சி.

"பட்டுக்கு அடியில நாடி இருக்கா இல்லையான்னே தெரியலைங்க" என்றார் டாக்டர். "உடம்புல உள்ள உப்பும் தண்ணியும் குடல் வழியா கொட்டிட்டிருக்கு. வாயில கொடுத்தா நிக்காது. இந்த ஸலைனை நரம்பு வழியா ஏத்தணும். இப்பவே ஏத்தணும். வழி விடுங்க."

சௌரிராஜன் வழிவிட வாயைத் திறந்தார். திறந்த வாயில் சவ்வு விதி வந்து நின்றது. ஸலைன், வீதிக்குப் பழக்கமில்லாத வஸ்து. விதியை எழுதியவர் அவரே. அதை அவரே மீறினால் காரியதரிசி பதவி போகும். அது போனால் போகட்டும். தை மாசத்தில் அப்பாவின் திவசம் வருகிறது. சபை ஒதுக்கிவைத்தால் திவசத்துக்கு இலையில் உட்கார ஒரு பிராமணர் கிடைக்கமாட்டார். இப்படியெல்லாம் யோசித்தார் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் அவர் பயந்தார், அவ்வளவுதான்.

"ஒரு க்ஷணம், டாக்டர். எதிராத்துலேதான் சபை. ஒரு தீர்மானம் வாங்கிண்டு வந்துடறேன்."

"என்னது வாங்கிட்டு?"

"தீர்மானம்."

டாக்டர் இருதயநாதன் வாழ்நாளில் பல மருந்துகளுக்காகக் காத்திருந்தவர். தீர்மானத்துக்குக் காத்திருப்பது இதுவே முதல் தடவை. அவர் தகர டப்பாவைச் சௌரிராஜன் பக்கம் நகர்த்தினார்.

"இதையும் கேட்டுக்குங்க. இது ப்ளீச்சிங் பவுடர். அம்மாவுக்குப் போற தண்ணியிலதான் அத்தனை விஷமும் இருக்கு. இந்தப் பவுடரைக் கொட்டாம அதை வெளியே அனுப்பாதீங்க. எடுக்கறவங்களைக் கையை நல்லா கழுவச் சொல்லுங்க."

"அதுவும் புது வஸ்துவா?" என்று சௌரிராஜன் கவலையோடு கேட்டார். அஜெண்டாவில் இரண்டாவது விஷயமாகச் சேர்த்துக்கொண்டார்.

சபை கூடிய அழகே அழகு! எல்லோரும் உபவாசம். வெறும் வயிற்றில் பேச வேண்டிய விஷயம் கிடைத்ததில் அத்தனை பேருக்கும் உற்சாகம். சாஸ்திர விஷயங்களில் சபைக்கு வழிகாட்டியான கோபு ஸ்வாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஏகாதசி. அதுவும் வைகுண்ட ஏகாதசி. நரம்புக்குள்ளே போற வஸ்து போஜனமா, போஜனம் இல்லையா? முதல்லே இதைச் சொல்லும்."

"ஸ்வாமி, நோயாளிக்கு உபவாசம் இல்லைன்னு சாஸ்திரமே..." என்றார் சௌரிராஜன்.

"யார் இல்லைன்னா? ஆனா அந்த விலக்கு பாலுக்கும் பழத்துக்கும் ஓய்! வாயால சாப்பிடறவாளுக்கு! வாயே இல்லாமச் சாப்பிடறவாளைப் பத்தி ரிஷிகள் யோசிக்கலை."

"அப்போ நாம யோசிச்சாகணும்" என்றார் மணவாளையங்கார், பொறுப்பின் பாரம் தாங்காமல். "சௌரி, இது ஏறினா வயிறு ரொம்புமோ?"

"ரொம்பாது."

"ஏப்பம் வருமோ?"

"வராது."

"ஏப்பம் வராதது போஜனமன்று" என்று கோபு ஸ்வாமி தீர்ப்புச் சொன்னார். சபை கரகோஷம் செய்தது. சௌரிராஜன் எழுந்து ஓடப்போனார்.

"எங்கே ஓடறீர்? உட்காரும். இன்னும் ஜலம் பாக்கி இருக்கே!"

ஜலத்தின் பூர்வோத்தரம் விசாரிக்கப்பட்டது. அது திருச்சியில் காய்ச்சி வடித்த ஜலம். காய்ச்சினது யார் என்பது தெரியாது. சௌரிராஜன், "அது ஆவியாகி மறுபடி ஜலமானது" என்று மன்றாடினார். ஆவிக்குத் தீட்டு உண்டா? மேகமும் ஆவிதான்; மேகம் எந்தத் தெருவிலிருந்து கிளம்பியது என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே தீட்டில்லை. ரப்பர் குழாய்? மரத்தின் பால். பாலுக்கு ஏகாதசியிலும் இடம் உண்டு. புட்டி கண்ணாடி, ஊசி எஃகு, இரண்டையும் கழுவினால் சரி. சபை மளமளவென்று முன்னேறியது. ஒவ்வொரு வஸ்து பிழைக்கும்போதும் எதிர் வீட்டில் கோதையின் உடம்பிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

இத்தனை களேபரத்திலும் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு ஆள் மட்டும் தடையின்றி வந்து போய்க்கொண்டிருந்தாள். வாசல் வழியாக அல்ல. கொல்லைச் சந்து வழியாக. அவள் காளியாயி. வாய்க்காலுக்கு அந்தண்டைப் பக்கம் வீடு. சந்துக் கதவண்டை இருக்கும் கோதையின் கழிவை வாளியில் வாங்கி, மேலே சாம்பலைத் தூவி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவாள், மறுபடி வருவாள். சபையிலிருந்து நடுவில் நழுவி வந்து, டாக்டரிடம் பேசிய தோஷத்துக்காகக் கால் அலம்பக் கொல்லைக்குப் போன சௌரிராஜனை அவள் எட்ட நின்று கேட்டாள்.

"சாமி, அம்மா எப்பிடி இருக்காங்க?"

"சபை கூடியிருக்கு."

"சபை கெடக்கட்டுங்க சாமி. அம்மா எப்பிடி இருக்காங்க?"

அதற்குப் பதில் சொன்னால் அழுதுவிடுவோம் என்று சௌரிராஜனுக்குத் தோன்றியது. கோதையிடம் போய் உட்கார்ந்தார். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏன்னா... என்ன ஆச்சு?"

"போஜனமில்லைன்னு ஆயிடுத்து, கோதை. ஜலமும் தேறிடுத்து. இன்னும் உப்பு ஒண்ணுதான் பாக்கி."

"உப்புக்கு என்ன குத்தம்?"

"தெரியலை. இனிமேதான் கேப்பா."

கோதைநாயகி சிரிக்கப் பார்த்தாள். காலில் இழுப்பு வந்து, சிரிப்பு முனகலாயிற்று. அந்தக் காலைப் பிடித்துவிடவேண்டும் என்று அவருக்கு உயிர் துடித்தது. எதிர் வீட்டிலிருந்து மணவாளையங்கார், "காரியதரிசி எங்கே? கோரத்துக்கு ஆள் குறையறது!" என்று கூப்பிட்டார். சௌரிராஜன் போனார். போனாரே, அதை என்னவென்று சொல்ல!

உப்பில்தான் சபை உண்மையான ஆழத்தைக் கண்டது.

"ஜலம் மட்டும் ஏத்தினா என்ன?" என்றார் கோபு ஸ்வாமி. "நம்ம காவேரித் தீர்த்தமே இருக்கே. திருச்சி ஜலம் எதுக்கு, உப்பு எதுக்கு?"

சௌரிராஜன் கையெடுத்துக் கும்பிட்டார். "வெறும் ஜலம் ரத்தத்திலே போனா ஆபத்து, ஸ்வாமி. ஸெல்லுக்குள்ளே உப்பு இருக்கு. வெளியிலே உப்பில்லாத ஜலம் வந்தா அத்தனையும் உள்ளே புகுந்து, ஸெல் உப்பி, வெடிச்சுடும்."

சபையோர் அத்தனை பேரும் கோபு ஸ்வாமியின் பக்கம் திரும்பினார்கள்.

"காவேரித் தீர்த்தத்தால வெடிக்கும்னு சொல்றீரா?" என்றார் கோபு ஸ்வாமி மெதுவாக.

"அதாவது... காவேரின்னு இல்லே... எந்த ஜலமானாலும்..."

"ரெண்டு பக்கமும் காவேரி ஓடற இந்தத் தீவிலே பொறந்து, அந்த ஜலத்திலே வளர்ந்து, இன்னிக்கு அது வெடிக்கும்னு ஒருத்தர் வாயால கேக்கறதுக்கு இந்தக் காது என்ன பாவம் பண்ணித்தோ!"

மணவாளையங்கார் சமாதானம் செய்துவைத்தார். 'காவேரித் தீர்த்தம் ஸெல்லை வெடிக்கச் செய்யாது. ஆனால் ஸெல், தன் அற்பத்தனத்தால், தானே வெடிக்கும்' என்று மினிட்டில் எழுதப்பட்டது. இரு கட்சிக்கும் திருப்தி. ஆகவே உப்பு வேண்டும். வேண்டும் என்று தீர்மானம் எழுத ஆரம்பித்த அக்கிராசனரின் பேனா நடுவில் நின்றது.

"இந்த வருஷத்திலே, இந்த ஊர்லே, 'உப்பு வேணும்'னு ஒரு சபை தீர்மானம் போட்டா கலெக்டர் என்ன நினைப்பார்?"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். போலீஸ் யாருமில்லை. வாசலில் டாக்டர் மட்டும் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ராவ்சாகிப் பட்டம் கண்ணெதிரே உப்பாய்க் கரைவதை மணவாளையங்காரால் சகிக்க முடியவில்லை. 'உப்பு' என்பதை அடித்துவிட்டு 'லவணம்' என்று போட்டார். ஸம்ஸ்கிருதத்தில் சொன்னால் ராஜத்துரோகம் ஆகாது.

"லவணம்னா எந்த லவணம்?" என்று கோபு ஸ்வாமி விடவில்லை. "ஏகாதசிக்குச் சமுத்திர லவணம் ஆகாது. இந்துப்புதான் ஆகும். டாக்டரை இந்துப்பு போட்டுக் கொண்டு வரச்சொல்லும்."

சௌரிராஜன் வாசலுக்கு ஓடி இதை டாக்டரிடம் தெரிவித்தார். டாக்டர் இருதயநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, நான் வைத்தியம் பாக்க வந்தேனா, சமையல் பண்ண வந்தேனா? அங்கே உங்க சம்சாரம் செத்துட்டிருக்காங்க!"

இந்த வாக்கியம் ஜன்னலுக்குள்ளும் போயிற்று. சௌரிராஜன் எதிர் வீட்டுப் படியேறித் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்துகொண்டிருந்த நேரத்தில், உள்ளே கோதைநாயகி ரங்கம்மாவின் புடைவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை. அவர் தீர்மானத்தோட வரப்போ நான் இருக்கமாட்டேன். அந்த டாக்டரை உள்ளே கூப்பிடுங்கோ. எனக்கு வாழணும்."

ரங்கம்மா ஆயுசு முழுக்க அந்த வீட்டு வாசற்படியைக் காத்தவள். ஒரு காக்கை அப்பளத்தைத் தொட்டாலும் அத்தனையையும் தூக்கி எறிகிறவள். அவள் வாசலுக்கு வந்து கதவை அகலத் திறந்தாள்.

"வாங்கோ டாக்டர். செருப்பை மட்டும் கழட்டிடுங்கோ."

"பெரியம்மா, உங்களுக்குச் சிரமம் ஏதாவது..."

"தீட்டு குளிச்சாப் போயிடும். உசுரு போனா குளிச்சா வருமா? வாங்கோன்னா!"

எதிர் வீட்டில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதன் நடை இன்றும் படிக்கத் தகுந்தது: 'நரம்பு மார்க்கமாகச் செல்லும் லவண ஜலமானது ஏப்பத்தை உண்டாக்காதபடியாலும், ஆவியிலிருந்து பிறந்தபடியாலும், இந்துப்பு கிடைக்காத அவசரத்தில் மட்டும், வீதிக்குள் அனுமதிக்கத் தக்கது.' உபவாசக் களைப்பு மேலிட்டதால் இரண்டாவது விஷயமான ப்ளீச்சிங் பவுடர் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

சௌரிராஜன் கையில் தீர்மானத்தோடு, மை உலரும் முன் வீட்டுக்குள் ஓடினார். கூடத்துத் தூணில் கண்ணாடி புட்டி தலைகீழாகத் தொங்கியது. பாதிக்குமேல் காலி. டாக்டர் பட்டுத்துணி இல்லாமல் கோதையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவளுடைய உதட்டில், காலையில் ஓடிப்போன நிறம் கொஞ்சம் திரும்பியிருந்தது. சௌரிராஜன் தரையில் உட்கார்ந்து, எம்.ஏ. படித்த மனிதர் என்பதை மறந்து, ஓவென்று அழுதார். தீர்மானம் நனைந்து எழுத்தெல்லாம் ஓடிற்று. நல்லவேளை, நகல் இருந்தது.

டாக்டர் திருவானைக்காவலுக்குப் போக அவசரமாகக் கிளம்பினார். தகர டப்பாவை வாசலிலேயே வைத்துவிட்டு, "மறக்காதீங்க" என்றார். சௌரிராஜன் டப்பாவைத் தூக்கினார். இரண்டாவது விஷயம் இன்னும் விசாரணைக்கு வரவில்லையே என்று ஞாபகம் வந்தது. ஒரே நாளில் இரண்டு மீறல் அதிகம் என்று பட்டது. மறுபடி வாசலிலேயே வைத்தார்.

தீர்மானத்துக்கு முன்பே வஸ்து உள்ளே போய்விட்ட செய்தி சபைக்கு எட்டியது. அதனால் சபை கலங்கிவிடவில்லை. 'மேற்படி தீர்மானம் அன்று சூரியோதயம் முதலே அமலில் இருந்ததாகக் கருதப்படும்' என்று ஒரு வரி சேர்த்தது. ஆகவே கோதைநாயகி பிழைத்தது சபையால்தான் என்று ஆயிற்று. வீதியெங்கும் இதே பேச்சு. சிரஸ்தார் மாமாவின் முன்யோசனை இல்லாவிட்டால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று, வாந்திபேதிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்.

தை பிறந்தது. கோதைநாயகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் அளவுக்குத் தேறினாள். பேச்சும் திரும்பிவிட்டது. அன்று சாயங்காலம் சபையின் வருஷாந்தரக் கூட்டம். கலெக்டர் ஆபீசுக்கும் ஒரு பிரதி போகவேண்டிய அறிக்கையைச் சௌரிராஜன் எழுதி முடித்து, ஒத்திகையாக அவளுக்குப் படித்துக் காட்டினார். இப்போதெல்லாம் அவர் அவளிடம் படித்துக் காட்டாமல் எதையும் எங்கும் படிப்பதில்லை. அந்த ஒரு நாள் அவ்வளவு பயந்திருந்தார்.

"'பக்கத்து ஊர்களிலெல்லாம் வாந்திபேதி சூறையாடிய காலத்தில், சவ்வு விதியின் மகிமையாலும் சபையின் இடையறாத விழிப்பாலும், நம் வீதியின் சம்பந்தத்தில் உயிர்ச்சேதம் ஏதும் உண்டாகவில்லை.' எப்படி இருக்கு, கோதை?"

கோதைநாயகி கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"கொல்லைப் பக்கம் பத்து நாளா வேற யாரோ வரா. காளியாயி எங்கேன்னா?"

சௌரிராஜன் கண்ணாடியைக் கழற்றினார். ரங்கம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் இருவருக்கும் தெரியும். கோதையின் உடம்புக்கு ஆகாது என்று சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

"ஏகாதசி கழிச்சு மூணாம் நாள் அவளுக்கும் கண்டுதாம். அன்னிக்கு ராத்திரியே..." என்றார். "புருஷன் ஆண்டிதான் இப்போ வரான். டாக்டருக்குச் சொல்லி அனுப்பக்கூட அவாளுக்கு நேரமில்லை."

கோதைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ உயிர்ச்சேதம் இல்லைன்னு எழுதியிருக்கேளே?"

"அவ நம்ம வீதி இல்லையே, கோதை. வாய்க்காலுக்கு அந்தண்டை. சபையோட எல்லைக்குள்ளே வரலை."

"அவ வரலை. சரி. அவ அன்னிக்குப் பூரா எடுத்துண்டு போனாளே, அது நம்மாத்துதுதானே?"

"ஆமாம்."

"எனக்கு மருந்து உள்ளே வரத்துக்கு நாள் முழுக்க உட்கார்ந்து ஆவிக்குத் தீட்டு உண்டா, ஏப்பத்துக்குத் தீட்டு உண்டான்னு கேட்டேள். என் வியாதி அவாத்துக்குப் போறதுக்கு மட்டும் ஒருத்தரும் ஒரு கூட்டம் போடலை பாருங்கோ."